செருகுநிரலும் அதன் பாயிரமும்

பாயிரம் இல்லாத நூலை, அஃது எத்துணை விரிந்ததாயினும், நூலென்று மதித்தல் தகாது என்பது நன்னூலார் கொள்கை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் ஓலைச்சுவடிகளை நோக்கிப் பவணந்தி முனிவர் வகுத்த இவ்விதி, இக்காலத்திற் கணினிக்கென எழுதப்படும் நிரல்கட்கும் சிறிதும் குறைவின்றிப் பொருந்தும் என்பது எமது துணிபு. அவற்றுள்ளும், ஒரு பெரிய மென்பொருளோடு ஒட்டி இயங்குமாறு பலரும் தனித்தனியே இயற்றித் தத்தமக்கு இசைந்த காலத்தில் வெளியிடும் செருகுநிரல்கட்கு இது மிகவும் வேண்டற்பாலது. அவற்றின் விளக்கங்களை எங்ஙனம் எழுதுவது, எவ்விடத்து வைப்பது, யார் பொறுப்பில் விடுவது என்னும் வினாக்கள் கணினித் துறையார்க்கு மட்டுமே உரியன என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், இவ்விஷயத்தில் நம் கலாசாலை செய்யத்தக்கது ஒன்றுண்டு என்பதையும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

செருகுநிரல் என்பது யாது? தானே தனித்து நின்று தொழில் செய்யாது, பிறிதொரு மென்பொருளினுட் சென்று பொருந்தி, அதற்கு முன்னில்லாத ஆற்றலொன்றை அளிக்கும் சிறு நிரலே செருகுநிரலாம். இணையத்தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2003இல் தோன்றிய அதற்கு இன்று 50,000க்கு மேற்பட்ட செருகுநிரல்கள் உள்ளன. அவற்றை இயற்றினோர் ஒரு நாட்டினரல்லர். ஒரு தலைவரின்கீழ்த் தொழில் செய்வோருமல்லர். ஒருவர் ஊதியம் பெற்று எழுதுகின்றார். ஒருவர் கல்லூரி விடுமுறையில் எழுதுகின்றார். மற்றொருவர் எழுதி வெளியிட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விடுகின்றார். தலைமை மென்பொருள் ஒரு திங்களிற் புதுப்பிக்கப்படும். செருகுநிரல் மற்றொரு திங்களிற் புதுப்பிக்கப்படும். விளக்கமோ பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதேயில்லை. இம்மூன்றும் மூவேறு நடையில் நடப்பதாலேயே இடர் உண்டாகின்றது. ராயபுரத்தில் ஒரு சிறு மீன்வலைக் கடைக்காரரோ, ஒரு பள்ளிக்கூடத்தின் எழுத்தரோ, இரண்டாண்டுகட்கு முன் எழுதிய விளக்கத்தை நம்பி இன்றைய நிரலைப் பொருத்தப் புகுவாராயின், அவர் இழப்பது ஒரு நாட் பொழுது மட்டுமன்று. தம் கணக்கும் தரவும் கெடுதலும் கூடும்.

இதனைச் சீர்செய்ய வேண்டுமென்பதில் ஐயமில்லை. செய்யும் வகையில் இரண்டு கட்சிகள் உள. எல்லாச் செருகுநிரல்களின் விளக்கங்களையும் ஒரே பெருங்கையேடாகத் தொகுத்து, ஒரு குழுவார் பொறுப்பில் வைத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அவரவர் நிரலுக்கு அவரவர் மனம்போல விளக்கம் எழுதிக்கொள்ளட்டும். கட்டுப்பாடு எதற்கு என்பர் மற்றொரு சாரார். முதற்கட்சியாரின் வழி தொடக்கத்தில் அழகாகத் தோன்றும். ஆயினும், நிரலை இயற்றியவர் ஒருவர், விளக்கத்தைக் காப்பவர் வேறொருவர் என்றாகிவிடின், நிரலில் நேர்ந்த மாற்றம் கையேட்டுக்கு வந்துசேர நாட்கள் பல ஆகும்; சேராமலே போதலும் உண்டு. இரண்டாங்கட்சியாரின் வழியிலோ, படிப்பவன் ஒவ்வொரு விளக்கத்தையும் புதிதாக வழி கண்டுபிடித்தே படிக்க வேண்டியவனாகின்றான். ஒன்றில் ஆக்கியோன் பெயர் இராது. ஒன்றில் நாள் இராது. மற்றொன்றில் எப்பதிப்புக்கு உரியது என்பதே இராது.

எமது கொள்கை இவ்விரண்டற்கும் இடைப்பட்டதாகும். விளக்கம் நிரலுடனேயே இருத்தல் வேண்டும். நிரலை வெளியிடுவோனே அதனை எழுதல் வேண்டும். நிரலின் ஒவ்வொரு பதிப்போடும் அதுவும் உடன் வெளிவருதல் வேண்டும். ஆயின் அதன் தலைப்புகளும் வரிசையும் எல்லார்க்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். நடுநின்ற குழுவார்க்கு உரிய தொழில் மூன்றே: படிவத்தை வகுத்தல், அது நிரப்பப்பட்டதா என்று சோதித்தல், எல்லாவற்றையும் ஓரிடத்தே அட்டவணைப்படுத்தல். எல்லாச் செருகுநிரலுக்கும் பொதுவான செய்திகளை, எடுத்துக்காட்டாக ஒரு செருகுநிரலைப் பொருத்தும் முறையையும் நீக்கும் முறையையும், அக்குழுவார் ஒருமுறை எழுதிவைத்தால் போதும்; ஒவ்வோராசிரியனும் அதனைத் திரும்ப எழுதவேண்டுவதில்லை.

இக்கொள்கை புதிதன்று, ராயபுரத்தில் வாழ்வோர் நாடோறும் கண்ணாற் காண்பதொன்றேயாம். 1856இல் தென்னாட்டின் முதற் புகைவண்டி ராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அதற்குச் சரியாக நூறாண்டின் பின், 1956இல், அமெரிக்க நாட்டில் மால்கம் மக்லீன் என்பார் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கன்டெய்னர் முறையே இன்று எண்ணூர்ச் சாலையில் துறைமுகம் நோக்கி வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளாக நம் முன் நிற்கின்றது. அப்பெட்டிகளின் கதவை ஊன்றி நோக்குமின். ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துகள் உள. முதல் மூன்றும் உடையவர் இன்னார் என்பதையும், நான்காவது அஃது எவ்வகைச் சாதனம் என்பதையும் உணர்த்தும். அடுத்து ஆறு இலக்கங்கள் உள; அவை அப்பெட்டிக்கே உரிய தொடரெண். இறுதியில் ஓரிலக்கம் தனியே நிற்கும். அது முன்னுள்ள பத்துக் குறிகளையும் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படுவது. யாரேனும் ஓர் எழுத்தைப் பிறழ எழுதின், பெரும்பாலும் அவ்விறுதி இலக்கம் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியின் வெற்றெடையும், அது தாங்கும் பேரெடையும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். கட்டப்பட்ட காலமும் சோதிக்கப்பட்ட சுமையும் ஒரு தகட்டிற் காணப்படும்.

ஈண்டு நாம் கருதற்பாலன இரண்டு. பெட்டியைப் பற்றிய அடிப்படைச் செய்தி துறைமுக அலுவலகத்தின் பேரேட்டில் மட்டும் கிடப்பதன்று. அது பெட்டியோடே பயணம் செய்கின்றது. இஃது ஒன்று. உடையவர் ஆயிரவராயினும் எழுதும் முறை ஒன்றே. ஆதலின் சிங்கப்பூரில் இறக்குவோனும் சென்னையில் ஏற்றுவோனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒத்துத் தொழில் செய்கின்றனர். இது மற்றொன்று. துறைமுகத்தார்க்கும் பட்டியல் உண்டு. ஆயின் அப்பட்டியல் பெட்டியின் மேலுள்ளதைத் திரட்டிய தொகுப்பேயன்றி, அதற்கு மாற்றாக நிற்பதன்று. செருகுநிரலின் விளக்கமும் இவ்வாறே அமைதல் வேண்டுமென்பது எமது கருத்து.

இனி, அப்படிவத்திற் கூறற்பாலன யாவை? இதற்கு நாம் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. சிறப்புப்பாயிரத்தில் எட்டுப் பொருள்கள் அமைதல் வேண்டுமென்று நன்னூல் கூறும். வேறு மூன்றையும் கூட்டி உரைப்பாரும் உளர் என்றும் காட்டும். ஆகப் பதினொன்று. அவற்றை ஒவ்வொன்றாகச் செருகுநிரலோடு வைத்து நோக்குவோம்.

ஆக்கியோன் பெயர் என்பது நிரலை இயற்றியவர் யார், இப்போது அதனைக் காத்து வருபவர் யார் என்பதாம். நூற்பெயர் என்பது பிறிதொன்றோடு மயங்காத பெயர். வழி என்பது முதல், வழி, சார்பு என மூவகைப்படும் நூல்களுள் இஃது எதன்வழித் தோன்றியது என்பது. செருகுநிரலுக்கு இதனை எந்தத் தலைமை மென்பொருளின் எப்பதிப்பைச் சார்ந்தது, வேறெந்நிரலை வேண்டி நிற்பது என்று கொள்க. எல்லை என்பது நூல் வழங்கும் நிலம். இங்கே அஃது எந்தெந்த இயங்குதளங்களில் இயங்கும், எங்கே இயங்காது என்பதாகும். யாப்பு என்பதனுள் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கடங்கும். இது புதியதோ, முன்னொன்றைச் சுருக்கியதோ விரித்ததோ, பிறமொழியினின்று பெயர்த்ததோ என்பதைக் கூறல் வேண்டும். நுதலிய பொருள் என்பது அது செய்யும் தொழில். கேட்போர் என்பது யார்க்கென எழுதப்பட்டது என்பது. பயன்படுத்துவோர்க்கோ, நிர்வகிப்போர்க்கோ, மேலும் நிரல் எழுதுவோர்க்கோ என்று தெளிவுறுத்தல் வேண்டும். பயன் என்பது அதனாற் பெறும் நன்மை. காலம் என்பது பதிப்பு வெளிவந்த நாள். களம் என்பது வெளியிட்ட இடம். காரணம் என்பது இப்பதிப்பு எதன்பொருட்டு வெளியிடப்பட்டது, முன்னதினும் இதில் மாறியது யாது என்பது.

இப்பதினொன்றோடு இக்காலத்துக்கு ஏற்ப இரண்டனைக் கூட்டல் வேண்டும். ஒன்று உரிமை: பிறர் இதனை எடுத்தாளலாமா, திருத்தலாமா, விற்கலாமா என்பது. மற்றொன்று குறை. தன் நூலின் குறையைத் தானே கூறுதல் ஆக்கியோனுக்கு இழுக்கன்றோ என்று கேட்பாருளர். 1971ஆம் ஆண்டு நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் அமைப்பின் முதற்கையேட்டை வெளியிட்டபோது, ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், சுருக்கம், விளக்கம் என்னும் ஒரே வரிசையைக் கையாண்டனர். அவ்வரிசையிற் பிழைகள் என்பதற்கும் ஒரு தலைப்பிட்டனர். உரியவர் யார் என்பதற்கும் தனித்தலைப்பு உண்டு. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வமைப்பின் வழிவந்தவற்றில் அவ்வரிசை பெரும்பாலும் நிலைத்து நிற்பதே அதன் தகுதிக்குச் சான்றாம்.

பாயிரத்தின்பின் உரை வேண்டும். நன்னூலார் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாக்குவர். காண்டிகை சுருங்கியது, கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவிடையும் உடையது. விருத்தி அனைத்தையும் விரித்துரைப்பது. பயன்படுத்துவோனுக்குக் காண்டிகை வேண்டும். நிரலைத் திருத்த விழைவோனுக்கு விருத்தி வேண்டும். இரண்டனையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதாலேயே இக்காலத்து விளக்கங்கள் பல இருவர்க்கும் பயன்படாமற் போகின்றன.

பல்லாயிரம் நிரல்களுக்கு இம்முறை நடைமுறையில் இயலுமோ எனின், இயலும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று காட்டுவோம். கணினிகள் பலவற்றை ஒருங்கே நிர்வகிக்கப் பயன்படும் அன்சிபிள் என்னும் மென்பொருள் 2012இல் தோன்றியது. அதன் துணைநிரல்கள் ஆயிரக்கணக்காகப் பெருகி, யாவும் ஒரே களஞ்சியத்தில் இருந்தமையால், ஒரு சிறு திருத்தமும் முழுமையின் வெளியீட்டுக்காகக் காத்துக்கிடக்க நேர்ந்தது. எனவே 2020இல் வெளிவந்த 2.10 பதிப்பில் அவை தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுப்பும் தனக்குரிய காலத்தில் தானே வெளிவரலாயிற்று. விளக்கங்கள் சிதறிப்போகாமல் நின்றமைக்குக் காரணம், ஒவ்வொரு துணைநிரலும் தன் விளக்கம், எடுத்துக்காட்டு, பயக்கும் விடை ஆகிய மூன்றனையும் குறித்த வடிவத்தில் தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டுமென்று முன்னரே விதித்திருந்தமையே. வடிவம் ஒன்றாயிருந்தமையால், பொறியே அவற்றைச் சோதித்துத் திரட்டி ஒரு நூல்போற் கட்டித் தருகின்றது. வேர்ட்பிரஸ் செருகுநிரல்களுக்கும் இத்தகைய படிவமுண்டு. தலைமை மென்பொருளின் எப்பதிப்பு வரை சோதிக்கப்பட்டது என்பதை ஆக்கியோன் அதிற் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு மூன்று பெரும்பதிப்புகட்குமேற் பின்தங்கிவிடின், அட்டவணையிலேயே படிப்போனுக்கு எச்சரிக்கை தோன்றும்.

இவையெல்லாம் பிறநாட்டார் செய்தி; தமிழுக்கு இதனால் ஆவது என்னை என்று கேட்பார்க்கு எமது விடை, இதனாற் பெரிதும் நட்டப்பட்டவர் தமிழரே என்பது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னைய காலத்தில், தமிழெழுத்துருக்கள் பல தத்தமக்கென ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் குறியீடுகளையும் ஏற்றது. டிஸ்கி என்னும் முறையை ஆர்வலர் பலர் வெளிப்படையாக விவாதித்து அமைத்தனர். அட்டவணை வெளியிடப்பட்ட முறைகளில் எழுதியவற்றை இன்றும் பொறியாலேயே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். அட்டவணை வெளியிடாத எழுத்துருவில் ஒருவர் தம் வாழ்நாளாராய்ச்சியைத் தட்டெழுதி வைத்திருப்பாராயின், அவ்வெழுத்துரு மறைந்தபின், அவர் எழுதியது பொருளற்ற குறிகளின் குவியலாகவே எஞ்சும். ஒரு பக்க விளக்கம் இருந்திருப்பின் காக்கப்பட்டிருக்கும் நூல்களை, செல்லரித்த ஓலைச்சுவடிகளைப் போலவே நாம் இழக்கின்றோம்.

இதற்கு மாறான நற்சான்றுகளும் நம்மிடையே உள்ளன. எ-கலப்பை என்னும் தட்டச்சுக் கருவியின் முதற்பதிப்புகள் கீமேன் என்னும் பொறியின்மேற் பொருந்தி இயங்கின. பின்னர் அது திறமூல நிரலாக எழுதப்பட்டது. கீமேன் களஞ்சியத்தில் இன்று ஒவ்வொரு விசைப்பலகையும் தனிக்கோப்புறையில் இருக்கின்றது. அதனுள்ளே அறிமுகம், வரலாறு, உரிமை என்னும் மூன்றும் ஒரே பெயர்களில் எங்கும் காணப்படும். ஆதலின் தமிழ் விசைப்பலகையை நோக்குவோனும், அறியப்படாத ஆப்பிரிக்க மொழியொன்றின் விசைப்பலகையை நோக்குவோனும், தேடுவதை ஒரே இடத்திற் கண்டுகொள்கின்றனர். 2012 முதல் வெளிவரும் கணியம் என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களின் பயன்பாட்டை எளிய தமிழில் எழுதலாகும் என்பதை மெய்ப்பித்துக் காட்டியுள்ளது. தமிழிற் கூறலாகாத கணினிப்பொருள் ஒன்றுமில்லை. கூற முன்வருவோரே குறைவு.

எமது கொள்கைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் நோக்குவோம். நிரல் தெளிவாக எழுதப்பட்டிருப்பின் விளக்கம் வேண்டுவதில்லை என்பது முதற்றடை. நிரலைப் படிக்க வல்லார்க்கு அது பொருந்தக்கூடும்; மீன்வலைக் கடைக்காரர்க்குப் பொருந்துமோ? இரண்டாவது, செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் நிரலைப் படித்துத் தாமே விளக்கம் எழுதிவிடுகின்றன. மனிதர் ஏன் வருந்தல் வேண்டும் என்பது. இத்தடை இகழற்பாலதன்று. நிரல் என்ன செய்கின்றது என்பதைப் பொறி ஒருவாறு கூறும். ஆயின் ஆக்கியோன் என்ன செய்யக் கருதினான், எதனைச் சோதியாமல் விட்டான், யார்க்கென எழுதினான், இனி யார் இதனைக் காப்பார் என்பன நிரலின்கண் இல்லை. இல்லாததைப் பொறி எங்ஙனம் படிக்கும்? பாயிரப் பொருள்களிற் பாதிக்குமேல் ஆக்கியோன் நெஞ்சிலிருந்தே வரவேண்டியவை. மூன்றாவது, ஊதியமின்றி எழுதுவோர்மேல் இச்சுமையை ஏற்றினால் அவர் நிரல் எழுதுவதையே விட்டுவிடுவர் என்பது. இதில் உண்மையுண்டு. அதனாலேயே படிவம் சுருங்கியதாயிருத்தல் வேண்டுமென்றும், பொதுச்செய்தியை நடுநின்றோர் எழுதிவைத்தல் வேண்டுமென்றும் மேலே கூறினோம். பதின்மூன்று தலைப்புகட்கும் ஒவ்வொரு வரி எழுத அரைமணி நேரம் போதும். அவ்வரைமணி இன்மையால் பின்வருவோர் வீணாக்கும் நாட்களை யார் எண்ணுவார்?

இனி நம் கலாசாலைக்கு வருவோம். ஒவ்வோராண்டும் இறுதியாண்டு மாணாக்கர் பலர் செய்முறைத் திட்டமாக நிரல்கள் இயற்றுகின்றனர். அவற்றுட் பல பயன்மிக்க செருகுநிரல்களே. தேர்வு முடிந்தவுடன் அவை ஒரு கட்டப்பட்ட ஏட்டினுள் அடங்கிவிடுகின்றன. அவ்வேட்டில் மேற்கோளும் வரைபடமும் நிரம்ப உள. ஆயின் அந்நிரலை மறுநாள் ஒருவர் எடுத்துப் பொருத்துதற்கு வேண்டிய ஒரு பக்கம் இல்லை. அடுத்த ஆண்டு மாணாக்கர் அதே பொருளை மீண்டும் தொடக்கத்திலிருந்தே இயற்றுகின்றனர். இவ்வாறு ஆண்டுதோறும் முதற்படியிலேயே நிற்பது அறிவு வளரும் நெறியாகுமோ?

ஆதலின் நாம் வேண்டுவன இவை. திட்டமாக அளிக்கப்படும் ஒவ்வொரு நிரலும் மேற்கூறிய பதின்மூன்று தலைப்புகளையுடைய பாயிரமொன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தன்னோடு கொண்டிருத்தல் வேண்டும். தமிழ்ப்பாயிரம் ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்பட்டதாயின், எப்பதிப்பினின்று பெயர்க்கப்பட்டது என்பதைக் குறித்தல் வேண்டும். இல்லையேல் இரண்டும் வேறுபடும்போது எதனை நம்புவது என்று படிப்போன் திகைப்பான். பிறிதொரு துறையைச் சேர்ந்த மாணாக்கர் ஒருவர், ஆக்கியோனை ஒன்றும் வினவாமல், அவ்விளக்கத்தை மட்டுமே கொண்டு நிரலைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அவர் தடுமாறிய இடமே திருத்தற்குரிய இடம். ஆக்கியோர் கலாசாலையை விட்டுச் செல்லும்போது, காப்பவர் பெயரை மாற்றி எழுதுதல் வேண்டும். காப்பவர் ஒருவருமில்லையேல், இந்நிரல் இன்ன நாளோடு நின்றது என்றேனும் எழுதிவைத்தல் வேண்டும். நூல்நிலையம் இவற்றின் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றினும் மேலாக, விளக்கத்துக்கென மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும். மதிப்பெண் இல்லாத கடமையை மாணாக்கர் செய்யாமையை அவர்மேற் குற்றமாகச் சாற்றுதல் நீதியாகாது.

இம்முயற்சியில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒன்றுகூடல் வேண்டும். தமிழ் பயில்வோர்க்குத் தம் கல்வி இக்காலத் தொழிலுக்குப் பயன்படுமாற்றை இது காட்டும். கணினி பயில்வோர்க்குத் தாம் இயற்றியதைத் தம் தாயும் தம்பியும் விளங்கிக்கொள்ளுமாறு கூறும் ஆற்றலை இது அளிக்கும். பழைய மாணாக்கர்களுள் மென்பொருள் நிறுவனங்களிலும் துறைமுகத்திலும் தொழில் செய்வோர் பலர். அவர் ஆண்டில் ஒரு நாள் வந்து, இளையோர் எழுதிய பாயிரங்களைப் படித்துப் பிழைகாட்டுவாராயின், அஃது அவர் அளிக்கும் நன்கொடைகளுட் சிறந்ததாகும். வரும் ஆண்டின் திட்டங்கள் ஆவணித் திங்களில் வகுக்கப்படுதற்கு முன்னரே இப்படிவத்தை ஒரு தாளில் அச்சிட்டு மாணாக்கர் கையில் அளிக்குமாறு ஆசிரியன்மாரைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.